தானமாய்ப் போன மோட்டர்

என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மத்தியானம் நான் சிவராமுக்கு ஒரு படகு மோட்டரைத் தானமாகக் கொடுத்தேன். அது எங்களுடைய மோட்டர் அல்ல. அந்த விஷயம் எனக்குத் தெரியவந்தபோது சித்திரை பிறந்திருந்தது. அதற்குள் மோட்டரும் பழைய மோட்டராக இல்லை.

என் கணவர் தபோதரன் ஜெர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். அது சம்பளத்துக்கு. மற்றபடி அவர் வாழ்ந்தது நகரின் ஓரத்துப் பேர்கெடோர்ஃபில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த கராஜில். படகின் பின்பலகையில் கொழுவுகிற பழைய மோட்டர்கள், பெற்றோலோடு எண்ணெயையும் சேர்த்துக் குடித்து நீலப் புகை விடுகிற இரண்டு ஸ்ட்ரோக் மோட்டர்கள், அங்கே சுவரோரமாக மரச்சட்டங்களில் தொங்கும். அநேகமானவை எங்கள் இருவரையும் விட வயதில் மூத்தவை. டோவே எல்பே ஆற்றங்கரையில் ஒரு படகுச் சங்கம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் தகப்பன் விட்டுப்போனது, தாத்தா விட்டுப்போனது என்று எதையாவது துணியில் சுற்றிக் கொண்டுவந்து இவரிடம் விடுவார்கள்.

இடப்பக்கச் சுவரில் மற்றவர்களின் மோட்டர்கள், வலப்பக்கச் சுவரில் தன்னுடையவை. இதைத் தவிர அவரிடம் வேறு ஒழுங்கு கிடையாது. பெயர் எழுதி ஒட்டமாட்டார், ரசீது கொடுக்கமாட்டார். ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்தாலும் கையெழுத்துக் கேட்கிற நாட்டில் அவரிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. "டாபோவிடம் விட்டிருக்கிறேன்" என்பார்கள், தபோ என்று சொல்ல வராமல். அந்தச் சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. சில வேளை சாப்பாட்டு மேசையில் தனக்குத்தானே அதைச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்.

இடப்பக்கத்து மோட்டர் எப்படி வந்ததோ அப்படியே உயிர்பெற வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதே சாம்பல் நிறம், அதே காலத்து ஸ்குரூ. கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார். வலப்பக்கத்தவைதான் பாவம். ஒன்றின் காபரேற்றர் இன்னொன்றில் இருக்கும். சிலிண்டரின் உள்ளே புகை வெளியேறுகிற வாசலை அரத்தால் உராய்ந்து பெருப்பிப்பார். மூன்று குதிரை வலுவோடு வந்தது ஐந்தாகும், ஐந்து எட்டாகும், பிறகு ஒருநாள் வெடித்துக் கராஜ் முழுக்கக் கரியாகும். டோவே எல்பே வேகமாகப் போக அனுமதி இல்லாத ஆறு. அந்த ஆற்றுக்கு ஏன் இவ்வளவு குதிரை என்று கேட்டேன்.

"நிப்பாட்டி வைச்சிருக்கிற காருக்கும் ஹோர்ன் வேணும்தானே" என்றார்.

சிவராம் எங்களுக்குப் பழக்கமானது இந்த மோட்டர்களால்தான். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர், ஹம்பேர்க்கில் மென்பொருள் வேலை. ஆசைப்பட்டு இணையத்தில் ஒரு பழைய மோட்டரை வாங்கி, அது இயங்காமல், யாரோ சொல்லி இவரைத் தேடிவந்தவர். சனிக்கிழமைகளில் நான் தமிழ்ப்பள்ளியில் படிப்பிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது இரண்டு பேரும் கராஜ் வாசலில் எண்ணெய்க் கைகளோடு ஒருவரையொருவர் நக்கலடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"கொம்பியூட்டர் மாதிரி நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போட்டா வேலை செய்யும் எண்டு நினைச்சீரோ?"

"நீங்களும் அதானண்ணா பண்றீங்க. கயிறை இழுக்கறீங்க, வரலைன்னா திரும்ப இழுக்கறீங்க."

ஐப்பசியில் சிவராம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். அந்த மாதத்தில்தான் தபோவுக்கு நோய் கடுமையானது. நிற்க முடியாத நிலையிலும் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு ஒரு சின்னச் சாம்பல் நிற மோட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார்த்திகையில் போய்விட்டார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிரேமனிலிருந்து அவருடைய தமையன் திருஞானம் அத்தான் வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தார். அவருடைய மகன் பாரத் கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குச் சனம் கூடும், வீட்டுக் குசினி போதாது, கராஜில் காஸ் அடுப்புகளை வைத்துச் சமைக்கலாம் என்று அத்தான் முடிவெடுத்தார். பெற்றோல் மணக்கிற இடத்தில் அடுப்பு மூட்டலாமோ என்று யாரோ கேட்டார்கள். அதனால் அவரும் பாரத்துமாக மோட்டர்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் கெல்லரில், நிலவறையில், சுவரோடு சாத்தி வைத்தார்கள். இடப்பக்கம், வலப்பக்கம் என்ற ஒழுங்கு அன்றோடு போயிற்று. அந்தக் கிழமை நான் அதைக் கவனிக்கிற நிலையில் இருக்கவில்லை.

சங்கத்திலிருந்து சிலர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். க்ரோகர் என்பவர் கெல்லருக்கு இறங்கி வந்து தன்னுடையதைக் காட்டி, "இளவேனிலில் எடுத்துக்கொள்கிறேன், அவசரமில்லை" என்றார். இன்னொருவரும் அப்படித்தான் தன்னுடையதைக் காட்டினார். ஆகவே மிச்சமெல்லாம் தபோவினுடையவை என்று நினைத்தேன். அத்தானிடமும் கேட்டேன். "அவன்ரதானே, வேற ஆரின்ர?" என்றார்.

அந்தியேட்டியில் ஐயருக்கு அரிசி, காய்கறி, வேட்டி, குடை, செருப்பு எல்லாம் கொடுத்தாயிற்று. செத்தவருக்குப் பிடித்ததை மனம் நிறைந்து கொடுத்தால் அது அவருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஐயர் மோட்டரை வைத்து என்ன செய்வார்? தபோவின் நிலைமை மோசம் என்று கேட்டு ஊரிலிருந்து ஓடிவந்து, ஆஸ்பத்திரிக்கும் சுடலைக்கும் எங்களை ஏற்றி இறக்கி, பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் சிவராம். தபோ கடைசியாகக் கை வைத்த அந்தச் சாம்பல் நிற மோட்டரை வெற்றிலையோடு அவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையையும் நீட்டி ஒரு குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார்.

"இது ரொம்பப் பெரிய விஷயம்க்கா" என்றார். அந்த நேரம் நான் செய்தது சரி என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. பிறகு வந்த நாட்களில் அந்த நிம்மதியை நினைத்துத்தான் அதிகம் கூசினேன்.

சித்திரையில் ஒருநாள் அத்தான் வந்திருந்தார். கராஜ் வாடகை வீண், காலி செய்து கொடுப்போம் என்று வேலைக் கருவிகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். ஒரு வயதான ஜெர்மன் பெண், ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் சில்லு வைத்த சின்ன வண்டிலுமாக, மெதுவாக நடந்து வந்தார். பெயர் ஹாம்ஸ் என்றும் டாபோவைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் இறந்துபோனதை நான் சொன்னேன். அவர் வண்டிலின் பிடியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். தனக்குத் தெரியாது என்றார். மோட்டரை இங்கே விட்ட கொஞ்ச நாளில் விழுந்து இடுப்பு முறிந்து, ஆஸ்பத்திரி, பிறகு ஹூசுமில் தங்கை வீடு என்று குளிர்காலம் முழுவதும் போய்விட்டதாம். என் கையை விடாமல் தபோவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். கண்ணைத் துடைத்தார். பிறகுதான், கேட்கத் தயங்கிக்கொண்டு, தன்னுடைய மோட்டர் எங்கே என்று கேட்டார்.

"சின்னது. சாம்பல் நிறம். அப்பா வாங்கியது. நான் படகு ஓட்டப் பழகியதே அதில்தான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கதிரையில் இருந்துகொண்டு தபோ துடைத்த துணி, அந்த மூடியின் வளைவு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. செத்த வீட்டுக்காரி ஊரார் பொருளைத் தானம் கொடுத்தாள் என்று எந்தப் பாஷையில் சொல்வது?

உள்ளேயிருந்து அத்தான் வந்தார். அவருடைய ஜெர்மன் என்னுடையதை விட நல்லது.

"மன்னிக்க வேண்டும். தம்பி கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் விற்றுப்போட்டான். யாருக்கு விற்றான் என்று எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "விற்றுவிட்டாரா? டாபோவா?"

நான் நிலத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல அப்போது எனக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றார் கடைசியில். "கடும் மருந்துகள் எடுத்திருப்பார். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்திருப்பார். இறந்தவரோடு எனக்கு என்ன கோபம்."

என் தோளைத் தடவிவிட்டு, வெறும் வண்டிலை இழுத்துக்கொண்டு போனார். நடைபாதைக் கல்லின் விளிம்பில் சில்லு மாட்டியது. ஊன்றுகோலை மாற்றிப் பிடித்து அதைத் தூக்கி எடுக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போய் உதவி செய்யக்கூட எனக்கு முகம் இருக்கவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று அத்தானிடம் கேட்டேன்.

"வேற என்னத்தைச் சொல்லுறது? போய்ப் பொடியனிட்டைத் திருப்பிக் கேக்கப்போறீரோ? அந்தியேட்டியில குடுத்ததை?"

"அது அந்த மனிசியின்ர."

"குடுத்தாச்சு. குடுத்த தானத்தைத் திருப்பி வாங்கினா அவன்ர ஆத்துமா அந்தரிச்சுத் திரியும். உமக்குத் தெரியாததோ? நீர் பிள்ளையளுக்குச் சமயம் படிப்பிக்கிறனீர்."

"இப்ப அவரைக் கள்ளனாக்கிப் போட்டமே, அத்தான்."

அவர் ஸ்பானர்களைப் பெட்டிக்குள் போட்டார். "அவள் கோபமில்லை எண்டு சொன்னாள்தானே. செத்தவனுக்கு என்ன வெக்கம்? இருக்கிற எங்களுக்குத்தான்."

அவர் சொன்னது பிழை என்று தெரிந்தும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. வாரக் கடைசிவரை அந்த ஆறுதலோடுதான் இருந்தேன்.

பிறகு க்ரோகர் வந்தார். முன்னறிவித்தல் இல்லை. காரை வாசலிலேயே நிறுத்தியிருந்தார். வழக்கமாகக் கோப்பி குடிப்பவர், வேண்டாம் என்றார். கெல்லரில் தன்னுடைய மோட்டரின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். மேல் மூடியின் ஒரு ஸ்குரூ ஏன் புதிது என்று கேட்டார். தபோ போட்டிருப்பார் என்றேன். "ம்" என்றார். மற்றவர் அடுத்த நாள் மகனை அனுப்பினார். மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு அவசரம் என்று மட்டும் சொன்னான்.

ஹாம்ஸ் கோபப்படவில்லைத்தான். ஆனால் அவர் பேசாமல் இருக்கவேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லையே. சங்கத்தில் ஒருவர் கேட்டிருப்பார், மோட்டர் எங்கே என்று. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருப்பார். டாபோவிடம் விட்டால் போதும் என்றிருந்தவர்கள் இப்போது டோர்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அவர் சாம்பலாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை பள்ளிக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு, பஸ் எடுத்து, சிவராமின் படகு கட்டியிருக்கிற இடத்துக்குப் போனேன். சங்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வேறொரு படகுத்துறை. தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டு அவர் கையை ஆட்டினார்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். சர்ப்ரைஸா காட்டலாம்னு நெனச்சேன்."

படகின் பின்பலகையில் ஒரு நீல மோட்டர் இருந்தது. கடல் நீலம், கண்ணாடிபோல மினுக்கம். மூடியின் இரண்டு பக்கமும் வெள்ளையில் தமிழில் எழுதியிருந்தது: தபோ.

"குளிர்காலம் பூரா இதே வேலைதான்க்கா. பெரிய காபரேட்டர். இக்னிஷனை எலெக்ட்ரானிக்கா மாத்திட்டேன். சிலிண்டர்ல புகை போற போர்ட்டை அண்ணன் சொன்ன மாதிரியே ஃபைல் பண்ணி ஏத்தினேன். அஞ்சு குதிரை, இப்ப எட்டுக்கு மேல வரும். ஏறுங்க."

சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் கையை நீட்டினார், நானும் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். கயிற்றை இழுத்ததும் இரண்டாவது இழுப்பிலேயே அது பிடித்தது. நீலப் புகை எங்கள் மேல் வந்தது. எரிந்த எண்ணெய் மணம். எங்கள் வீட்டுத் தலையணை உறையில், அவருடைய குளிர் மேலங்கியில், எத்தனை தரம் துவைத்தும் போகாத மணம். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஆற்றின் நடுவுக்கு வந்தோம். "வேகமா போக முடியாது. சத்தத்தை மட்டும் கேளுங்க" என்று சொல்லிக் கொஞ்சம் முறுக்கினார். மோட்டர் அலறியது. கரையில் நாயோடு நடந்துபோன ஒருவர் திரும்பிப் பார்த்தார். சிவராம் சிரித்தார். அவருடைய முகத்தில் இருந்த பெருமை முழுவதும் தபோவுக்காக இருந்தது.

"சிவராம், இதைத் திருப்பித் தரவேணும்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தார். நல்ல சத்தம் என்று சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். காதில் கையை வைத்துக் காட்டினார். இப்படி ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்லவேண்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மூன்றாவது தரம் வாயைத் திறந்தபோது சத்தத்துக்குப் பதிலாக அழுகைதான் வந்தது. எனக்கு ஏதோ செய்கிறது என்று பயந்து அவர் மோட்டரை நிறுத்தினார்.

திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. படகு தன்பாட்டில் மிதந்தது. அந்த அமைதியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாம்ஸ் வந்தது, அத்தான் சொன்ன பொய், நான் பேசாமல் நின்றது, க்ரோகரின் டோர்ச்.

சிவராம் மூடியின் மேல் கையை வைத்தார்.

"உள்ள டபிள்யூ, ஹெச்-ன்னு ஆணியால கீறியிருந்துச்சு" என்றார். "பார்த்தேன்க்கா. யாரோ பழைய ஓனர்னு நெனச்சேன். துருவோட சேர்த்துச் சுரண்டிட்டேன். உங்ககிட்ட ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாம்."

"நான் குடுத்தால் நீங்கள் ஏன் கேக்கப்போறியள்?"

"பழைய காபரேட்டரும் காயிலும் இருக்கு. பெயின்ட் அடிச்சிரலாம். ஆனா சிலிண்டர் முடியாது. அரம் போட்டது போட்டதுதான்."

"தானத்தைத் திருப்பிக் கேக்கிறன் எண்டு என்னை…"

"விடுங்கக்கா." அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு இது வருத்தமா இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அண்ணன் பேரை எழுதி இதை ஓட்டிட்டுத் திரியறேன். அது திருட்டு மோட்டர்னா நல்லாவா இருக்கு?"

கரைக்குத் திரும்பும்போது அவர் மோட்டரைப் போடவில்லை. துடுப்பால் வலித்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே மோட்டரைக் கழற்றிக் காரில் ஏற்றி, விலாசம் விசாரித்து ஹாம்ஸ் வீட்டுக்குப் போனோம். போகிற வழியில் அத்தான் எனக்குத் தொலைபேசி எடுத்து, எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"நீர் போய் என்னைப் பொய்யனெண்டு சொல்லப்போறீர்."

"உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன். என்னைப் பற்றித்தான் சொல்லப்போறன்."

"எல்லாம் ஒண்டுதான்" என்று அவர் வைத்துவிட்டார். பிறகு நெடுநாள் எடுக்கவில்லை.

சிவராம் காரிலேயே இருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன். ஹாம்ஸ் தேநீர் வைத்தார், பிஸ்கட் எடுத்து வைத்தார். விருந்துக்கு வந்தவள்போல என்னை நடத்தினார். நான் கோப்பையைத் தொடாமல் சொல்லத் தொடங்கினேன். தானம் என்பதை ஜெர்மன் மொழியில் விளங்கப்படுத்த எனக்கு நேரம் பிடித்தது. பரிசு என்று சொன்னால் அது அல்ல. இறந்தவரின் வழிக்கு உதவியாகக் கொடுப்பது என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்படியென்றால் டாபோ விற்கவில்லை."

"இல்லை. அவர் அதைக் கடைசிவரை துடைத்துக்கொண்டிருந்தார்."

"அந்த மனிதர் சொன்னபோது நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்."

"நின்றேன்."

"நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று."

"எனக்கு வெட்கமாக இருந்தது" என்றேன்.

அவர் பிஸ்கட் தட்டை என் பக்கத்திலிருந்து நகர்த்தி நடுமேசையில் வைத்தார். கோபத்தில் செய்தாரா, வெறுமனே செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"வெட்கம் உங்களுக்கு. பழி அவருக்கு" என்றார்.

கீழே வந்து காரின் பின்பக்கத்தில் மோட்டரைப் பார்த்தார். நீலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூடியைக் கழற்றச் சொல்லி, உட்பக்கத்தில் விரலால் தடவித் தேடினார். பத்து வயதில் தான் கீறிய எழுத்துகள் என்றார். சிவராம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மோட்டர் இப்போது முன்னையைவிட நன்றாக இழுக்கும் என்று ஏதோ சொல்லப் பார்த்தார்.

"அது மெதுவாகப் போகும்" என்றார் ஹாம்ஸ். "எனக்கு அதுதான் பிடித்திருந்தது."

அதே காலத்து, அரம் படாத சிலிண்டர் ஒன்றைத் தேடிப் பொருத்தி, சாம்பல் நிறம் அடித்துத் தருவதாக சிவராம் சொன்னார். கோடை முடிவதற்குள் என்றார். ஹாம்ஸ் சம்மதித்தார். பிறகு, ஒரு நிமிடம் என்று சொல்லி மேலே போய், தாளும் பேனாவும் கொண்டுவந்து, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார். சிவராம் எழுதினார். நானும் போட்டேன். என் பெயருக்குக் கீழே, இத்தனை வருடமாக எந்தத் தாளிலும் தேவைப்படாத என் கணவரின் பெயரை அவர் விளக்கத்துக்காக எழுதச் சொன்னார். எழுதினேன்.

நான் விடைபெறப்போனேன். அவர் விடவில்லை.

"நான் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணத்தோடு அல்ல. கேட்டார்கள், சொன்னேன். நாளை ஞாயிறு எல்லோரும் வருவார்கள், வருடத்தின் முதல் படகு ஓட்டம். வாருங்கள்."

"நீங்களே சொல்லிவிடலாமே" என்றேன். என்னால் அதையும் கேட்க முடிந்தது.

"நான் சொன்னால் ஒரு கிழவியின் இரக்கம் என்று நினைப்பார்கள். நான் சொன்ன பொய் அல்ல அது."

ஞாயிறு காலை வெயில் இருந்தும் குளிராக இருந்தது. படகுகளை எல்லாம் கழுவித் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். மேசையில் கேக், கோப்பிப் போத்தல்கள். தபோவோடு முன்னர் இரண்டு மூன்று தரம் நான் அங்கே போயிருக்கிறேன். அப்போது எனக்குக் கதிரை இழுத்துப் போடுவார்கள். இந்த முறை வணக்கம் சொன்னார்கள், பிறகு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். க்ரோகர் என்னைக் கண்டதும் கோப்பையில் சீனி கலக்கத் தொடங்கினார். சிவராம் எனக்குப் பக்கத்தில் நின்றார். தேவையென்றால் தான் சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

நான் சொல்லவேண்டியதை இரவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வருகிற டெர், டீ, டாஸ் எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தேன். இவர்களுக்கு முன்னால் ஒரு பிழையும் விடக்கூடாது என்று அப்போதும் எனக்கு ஒரு வீம்பு. படகுத்துறையின் பலகையில் ஏறி நின்றதும் ஒன்றும் நினைவில் இல்லை. முன்வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

என் கணவர் ஹாம்ஸ் அம்மாவின் மோட்டரை விற்கவில்லை என்றேன். அதை வேறொருவருக்குக் கொடுத்தது நான், என்னுடையது என்று நினைத்துக் கொடுத்தேன் என்றேன். விற்றதாக எங்கள் வீட்டில் சொன்னோம், நானும் பக்கத்தில் நின்றுகொண்டு மறுக்கவில்லை, அது பொய் என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. சொல்லி முடித்தபோது ஒருவர் தொண்டையைச் செருமினார். க்ரோகர் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். பலகையிலிருந்து இறங்க ஒரு காலை எடுத்தேன்.

கூட்டத்தின் பின்னால், ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு ஹாம்ஸ் நின்றார்.

"சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார். "பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். படகுகளில் இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். காலைத் திரும்பப் பலகையில் வைத்தேன்.

"என் கணவர் எதையும் விற்கவில்லை" என்று நான் முதலிலிருந்து தொடங்கினேன்.